அண்ணாச்சி கடைக் கம்ப்யூட்டர்: எதை வாங்குவது என்பதற்கு முன் எதை வைத்துக்கொள்வது

தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்தில் அண்ணாச்சிக்கு மளிகை மொத்த வியாபாரம். பில் போடுவது, ஸ்டாக் பார்ப்பது, மாதக் கடைசியில் ஜிஎஸ்டி கணக்கை ஆடிட்டருக்கு அனுப்புவது எல்லாம் ஒரே டெஸ்க்டாப்பில்தான். இன்டெல் கோர் ஐ5-3470 பிராசசர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 18.5 அங்குல மானிட்டர், கூடவே ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர். பிராசசர் 2012இல் சந்தைக்கு வந்தது என்பதிலிருந்தே பெட்டியின் வயதைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கொஞ்ச நாளாகவே பாதி பில்லில் தானாக அணைந்து, தானாக எழுந்துகொண்டிருந்தது. எழுந்து வர மூன்று நிமிடம். அதற்குள் கவுன்டரில் கூட்டம் சேர்ந்துவிடும்.

"ஓடுத வண்டிய எதுக்கு தம்பி முழுசா மாத்தணும்? கெட்டத மட்டும் மாத்து. இருவதுக்குள்ள முடிச்சுக் குடு" என்றார் அண்ணாச்சி. இருபது என்றால் இருபதாயிரம்.

அவர் சிக்கனத்துக்காகச் சொன்னாலும் வேலையைத் தொடங்கச் சரியான இடம் அதுதான். கையில் காசு குறைவாக இருக்கும்போது பலரும் முதலில் பிராசசரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மற்றதை அதற்கேற்ப அடுக்குவார்கள். நான் தலைகீழாகப் போவேன். பழைய பெட்டியில் எது எது நிற்கும் என்று முதலில் பார்த்துவிட்டால், எந்தத் தலைமுறை பிராசசர் வாங்க வேண்டும் என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும்.

கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் முதலில் வந்தது தும்மல். மளிகைக் கடைத் தூசி தனி ரகம். மிளகாய்த் தூள், கோதுமை மாவு, சாக்கு நார், கரப்பான் எச்சம் எல்லாம் சேர்ந்து, பிராசசரைக் குளிர்விக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே அடையாகப் பிடித்திருந்தது. பெட்டியைச் சந்துக்குத் தூக்கி வந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு புளோயரைப் பிடித்தேன். புளோயர் பிடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். காற்று வேகத்தில் அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போகும்.

தூசி போனதும் சூடு இறங்கியது, ரீஸ்டார்ட் நிற்கவில்லை. கடைப் பையன் சொன்னதுதான் துப்பு: "ஃப்ரீசர் ஓடத் தொடங்குற நேரத்துலதான் அண்ணே அணையுது." கம்ப்ரசர் கிளம்பும் அந்த நொடியில் லைனில் மின்னழுத்தம் சற்றுத் தொய்யும். கணினிக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி நல்லது என்றால், உள்ளே வரும் மின்சாரம் பதினாறு, பதினேழு மில்லி செகண்டு அறுந்தாலும் தன் பெரிய கெபாசிட்டரில் இருக்கும் சேமிப்பை வைத்துத் தாக்குப்பிடிக்கும். அந்தக் கெபாசிட்டர் வற்றிப்போன பழைய எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அந்தத் தெம்பு இருக்காது. இடையில் இருந்த யூபிஎஸ் காப்பாற்றியிருக்க வேண்டும். அதன் பேட்டரி எப்போதோ செத்திருந்தது, யாரும் கவனிக்கவில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளை இங்கே கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருந்தது. கீழே இருக்கும் சின்னக் கட்டத்தில் 12 வோல்ட் வரிசைக்கு நேராக 14 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினான்கால் பெருக்கினால் 168 வாட். இன்றைய கணினியில் பிராசசர் முதற்கொண்டு முக்கியமானதெல்லாம் 12 வோல்ட்டில்தான் ஓடுகிறது. ஆக, 450 என்பது அட்டைப்பெட்டிக்கான எண், 168 தான் நிஜம். உள்ளூர் எஸ்எம்பிஎஸ்கள் பலவற்றில் இந்தக் கூத்தைப் பார்க்கலாம். கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும், காலி டப்பா போல இருக்கும்.

என்னிடம் இருந்த நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டிப் பார்த்தேன். ரீஸ்டார்ட் நின்றது, ஆனால் நடுநடுவே திரை உறைந்தது. ராமின் தங்க விளிம்பை அழிரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டியும் அதே கதை. டார்ச் அடித்துப் பார்த்தால், ராம் ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் இருந்த கெபாசிட்டர்களின் தலை புடைத்திருந்தது. ஆடியோ துளைப் பக்கம் செம்புத் தடங்கள் கறுத்திருந்தன. இந்தப் பகுதியின் காற்றில் ஈரமும் உப்பும் மட்டும் இல்லை. மாஹிம் கழிமுகமும் திறந்த சாக்கடைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. சாக்கடையிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். ஏசி காயில் சீக்கிரம் ஓட்டையாவதற்கும் இது ஒரு காரணம்.

கெபாசிட்டர் மாற்றுவது பெரிய காரியமில்லை. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவருக்கு நூறு, இருநூறு ரூபாயில் முடிகிற வேலை. தடம் அரித்த போர்டில் அதைச் செய்தால் இன்றைக்கு ஓடும், அடுத்த மழைக்காலத்துக்கு உத்தரவாதம் இல்லை. இன்னொரு வழியும் இருந்தது. அவ்வளவாகப் பெயர் தெரியாத கம்பெனிகளின் புத்தம் புது எச்61 போர்டுகள் இன்றும் மலிவாக விற்பனையில் இருக்கின்றன. அதில் ஒன்றை வாங்கிப் பழைய பிராசசரையும் ராமையும் மாட்டி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான ஒரு எஸ்எஸ்டியும் போட்டால் ஆறு, ஏழாயிரத்தில் வேலை முடியும். வீட்டில் பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் மட்டும் என்றால் நானே அதைத்தான் சொல்லி, லினக்ஸ் போட்டுக் கொடுத்திருப்பேன்.

கடைக்கு அது சரிவராது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டம் என்று ஒரு வருடம் நீட்டிப்பு உண்டு, அவ்வளவுதான். விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ரைசன் என்றால் 2000 வரிசையிலிருந்து மேலே வேண்டும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அண்ணாச்சியின் பிராசசர் மூன்றாம் தலைமுறை. விண்டோஸின் உள் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) எதையாவது மாற்றித் தந்திரமாக ஏற்றலாம்தான். ஜிஎஸ்டி லாகினும் வங்கிக் கணக்கும் திறக்கிற கணினியில் எனக்கு அந்த வித்தை வேண்டாம்.

ரீஃபர்பிஷ் செய்த பிராண்டட் பெட்டிகளையும் யோசித்தேன். பெரிய அலுவலகங்களில் கழித்துவிட்ட எட்டாம் தலைமுறை ஐ5 பெட்டிகள் பட்ஜெட்டுக்குள்ளேயே கிடைக்கின்றன, பலவற்றுக்கு விண்டோஸ் உரிமமும் சேர்ந்தே வரும். பக்கத்தில் கணினி தெரிந்த ஆள் யாரும் இல்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்கச் சொல்வேன். என் தயக்கம் ஒன்றில்தான். டெல், எச்பி போன்றவற்றின் அலுவலக மாடல்கள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிவமும் போர்டில் குத்தும் கனெக்டரும் அந்தக் கம்பெனிக்கே உரியவை. தீபாவளி நேரத்தில் எஸ்எம்பிஎஸ் போனால் பக்கத்துக் கடையில் வாங்கி மாட்ட முடியாது, அதே மாடலுக்கானதைத் தேடி அலைய வேண்டும். மொத்த வியாபாரிக்கு அந்த இரண்டு நாள் பெரிய நஷ்டம்.

சரி, இனி எது நிற்கும் என்ற கணக்கு.

கேபினட் நிற்கும். அடியில் லேசாகத் துரு, மற்றபடி மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு உட்காரும் சாதாரணப் பெட்டி. மானிட்டரும் நிற்கும். அதில் இருப்பது விஜிஏ துளை மட்டும், அதனால் புதுப் போர்டிலும் விஜிஏ வேண்டும். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் அடாப்டர் போடலாம், ஆனால் கடையில் ஒரு இணைப்பு கூடினால் பிடுங்கிக்கொள்ள ஒரு இடம் கூடுகிறது. பிரின்டர் நிற்கத்தான் வேண்டும். கார்பன் வைத்து மூன்று பிரதி அடிப்பதை லேசர் செய்யாது. அதில் இருப்பதோ பழைய பேரலல் போர்ட் மட்டும்.

பலர் கவனிக்காதது ஹீட்சிங்க். இன்டெலின் எல்ஜிஏ 1155, 1150, 1151, 1200 என்று பிராசசர் உட்காரும் எல்லா சாக்கெட்டுகளுக்கும் போர்டில் இருக்கும் கூலர் துளைகளின் இடைவெளி ஒன்றுதான், 75 மில்லிமீட்டர். பன்னிரண்டாம் தலைமுறையின் எல்ஜிஏ 1700இல் அது 78 ஆகிவிட்டது. அதாவது, பத்தாம் தலைமுறையோடு நின்றால் 77 வாட் ஐ5க்கு வந்த இந்தக் கூலர், 65 வாட் ஐ3யைச் சாவகாசமாகக் குளிர்விக்கும்.

விண்டோஸ் உரிமமும் நிற்கும், இதுதான் பெரிய மிச்சம். சில வருடம் முன்பு அண்ணாச்சி விண்டோஸ் 10இன் சில்லறைப் பெட்டியைப் பில்லோடு வாங்கியிருந்தார். சில்லறை உரிமத்தை வேறு போர்டுக்கு மாற்றிக்கொள்ளலாம், அதே உரிமத்தில் விண்டோஸ் 11உம் ஆக்டிவேட் ஆகும். கணினியோடு சேர்ந்து வரும் ஓஇஎம் உரிமமாக இருந்தால் பழைய போர்டோடு போயிருக்கும். புதிதாக வாங்கினால் பட்ஜெட்டில் பெரும்பங்கை அதுவே விழுங்கியிருக்கும்.

போகவேண்டியவை எஸ்எம்பிஎஸ், போர்டு, பிராசசர், டிடிஆர்3 ராம். ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிப் பிறகு.

இப்போது தலைமுறை. பன்னிரண்டாம் தலைமுறை ஐ3-12100 அருமையான பிராசசர், புதிதாக வாங்கினால் கூலரும் கூடவே வரும். ஆனால் அதுவும் எச்610 போர்டும் சேர்ந்தே பட்ஜெட்டில் முக்கால் பங்கைத் தின்றுவிடும். ரைசன் 5 5600ஜியில் ஆறு கோர், நல்ல கிராஃபிக்ஸ், வீட்டில் பிள்ளைகள் விளையாடும் கணினி என்றால் அதைத்தான் எடுப்பேன். பில் போடுகிற கடைக்கு அது வீண், இந்தப் பழைய கூலரும் அதற்கு ஒத்துவராது. எட்டாம் தலைமுறை ஐ3-8100 பழைய சந்தையில் சல்லிசு. அதற்கு நம்பிக்கையான கம்பெனியின் புதுப் போர்டு கிடைப்பதுதான் அரிது, பழைய போர்டு வாங்க எனக்கு மனமில்லை. இந்தக் கணக்கெல்லாம் வந்து நின்ற இடம் பத்தாம் தலைமுறை ஐ3-10100. 2020இல் வந்தது, நான்கு கோர், எட்டு த்ரெட். சில வருடம் முன்பு ஐ7 என்று பெருமையாக விற்ற 7700க்குப் பக்கத்தில் நிற்கும். பிராசசர் பழையது, போர்டு புதியது என்று முடிவு செய்தேன்.

பழையதாக எதை வாங்கலாம் என்பதில் எனக்கு ஒரு வரிசை உண்டு. பிராசசர் அவ்வளவு எளிதில் சாகாது. சாகாமல் இருந்தால் புதிதுக்கும் பழையதுக்கும் வேலையில் வித்தியாசமே இருக்காது. ராமும் அப்படித்தான், சோதித்து வாங்கினால் போதும். போர்டில் கெபாசிட்டர், கனெக்டர், சாக்கெட் முள் எல்லாமே தேயும், அதனால் புதிது. எஸ்எஸ்டி எழுத எழுத ஆயுள் குறைகிற பொருள், எஸ்எம்பிஎஸ் ஓட ஓட வற்றுகிற பொருள். இந்த இரண்டையும் பழையதாக யாராவது சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

மாஹிமில் ஸ்லோ லோக்கல் ஏறினால் நேராக கிராண்ட் ரோடு. அங்கிருந்து நடக்கிற தூரத்தில், கணினிச் சாமான் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோடு. பலகையில் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று இருக்கும், ஆனால் 1903 முதல் 1907 வரை பம்பாய் கவர்னராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயரைத்தான் டாக்சிக்காரர் முதல் கடைக்காரர் வரை எல்லோரும் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். காலையில் கடை திறந்த சூட்டில் போனால் சோதித்துக் காட்டப் பொறுமை இருக்கும். சாயந்தரம் போனால் "லேனா ஹை தோ லோ" (வாங்கினா வாங்கு) என்ற முகம்தான் கிடைக்கும்.

ஐ3-10100 கேட்டால் முதலில் 10100எஃப் எடுத்து வைப்பார்கள், விலையும் கொஞ்சம் குறைவு. கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. மானிட்டரில் படம் வர தனி கார்டு வாங்க வேண்டும், மிச்சம் பிடித்ததைப்போல் சில மடங்கு அங்கே போய்விடும். பழைய பிராசசரின் மேல் மூடியில் லேசர் எழுத்து தெளிவாக இருக்கிறதா, 'கான்ஃபிடென்ஷியல்' என்று எழுதிய சோதனைப் பிரதி இல்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் திருப்பிப் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இன்டெலில் முள் போர்டில்தான் இருக்கிறது, பிராசசரில் தட்டையான தங்கப் புள்ளிகள் மட்டும். அவற்றில் கரிந்த தடமோ ஆழமான கீறலோ இருக்கக் கூடாது, நடுவே ஒட்டியிருக்கும் குட்டிக் கெபாசிட்டர்களில் ஒன்றும் உதிர்ந்திருக்கக் கூடாது. கடைக்குள் திறந்த மேஜையில் ஒரு போர்டு எப்போதும் மாட்டியே இருக்கும். அதில் போட்டு ஓட்டிக் காட்டச் சொன்னேன், காட்டினார்கள். "லாஸ்ட் கித்னா?" (கடைசி விலை என்ன?) என்ற சம்பிரதாயம் முடிந்து 4,500 ரூபாய்க்குப் படிந்தது.

போர்டு எச்510. விஜிஏ, எச்டிஎம்ஐ இரண்டும் இருந்தன. இதில் ஒரு சூட்சுமம். பல எச்510 போர்டுகளில், குச்சி வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 துளை நேராகப் பிராசசரோடு பிணைக்கப்பட்டது, அதனால் பதினோராம் தலைமுறை பிராசசர் போட்டால் மட்டுமே அது உயிர்பெறும். பதினோராம் தலைமுறை டெஸ்க்டாப்பில் இன்டெல் புதிய ஐ3 என்று ஒன்றைக் கொண்டுவரவே இல்லை, அப்போது வந்த ஐ3-10105 பத்தாம் தலைமுறையின் மறுபதிப்புதான். ஆக, அப்படிப்பட்ட போர்டில் எந்த ஐ3யைப் போட்டாலும் எம்.2 துளை சும்மா கிடக்கும். அட்டையில் பளிச்சென்று எம்.2 என்று இருக்கும், இந்த நிபந்தனை மேனுவலில் பொடி எழுத்தில் இருக்கும். கடைக்காரர் அந்தத் துளையில் போடும் என்விஎம்இ எஸ்எஸ்டியையும் சேர்த்துத் தள்ளப் பார்த்தபோது, ஃபோனில் அந்த மாடலின் மேனுவலைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். "ஹா, வோ தோ ஹை" (ஆமா, அது இருக்குதான்) என்று சிரித்தார்.

அதனால் பழைய ஹார்ட் டிஸ்க் போலக் கேபிளில் மாட்டும் 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, புதிது, பெயருள்ள கம்பெனி. காகிதத்தில் வினாடிக்கு என்விஎம்இ 3,500 எம்பி, சாட்டா 550 எம்பி என்று பெரிய இடைவெளி. பில் போடும் மென்பொருள் கேட்பது பெரிய கோப்புகளை அல்ல, ஆயிரம் துண்டுத் துண்டான சின்னப் படிப்புகளை. பழைய ஹார்ட் டிஸ்க் தடுமாறியதும் அங்கேதான், ஊசி ஒவ்வொரு துண்டுக்கும் நகர்ந்து போக வேண்டும். அதிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு வரும் தாவல்தான் கண்ணுக்குத் தெரியும். அங்கிருந்து என்விஎம்இக்குப் போவதைக் கவுன்டரில் யாரும் உணர மாட்டார்கள்.

ராம்தான் வயிற்றெரிச்சல். 2025இன் கடைசி மாதங்களில் விலை ஏறத் தொடங்கி இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரி பக்கம் தயாரிப்பாளர்கள் சாய்ந்துவிட, சாதாரண டிடிஆர்4 கிடைப்பது அரிதாகிவிட்டது. 8 ஜிபி ஒற்றைக் குச்சியைக் கேட்டால் சொன்ன விலையில் நெஞ்சு அடைத்தது. அலுவலகப் பெட்டிகளிலிருந்து கழற்றிய 4 ஜிபி குச்சிகள் மட்டும் பிளாஸ்டிக் கூடையில் சீந்துவாரற்றுக் கிடந்தன, எல்லோரும் பெரிதாகவே கேட்பதால். ஒரே கம்பெனியின் 2666 வேகக் குச்சிகள் இரண்டைப் பொறுக்கினேன், சேர்த்து 2,400 ரூபாய். இந்த ஐ3க்கு வேக வரம்பே 2666தான், 3200 குச்சி போட்டாலும் இறங்கித்தான் ஓடும். இரண்டு குச்சி என்பதால், இரண்டு பாதையிலும் சேர்ந்து ஓடும் டூயல் சேனலும் கிடைத்தது. நாளைக்கு 16 ஆக்க வேண்டுமென்றால் இரண்டையும் கழற்ற வேண்டிவரும், அது தெரிந்தேதான் எடுத்தேன்.

எஸ்எம்பிஎஸ் 450 வாட், 80 பிளஸ் பிரான்ஸ். அட்டையைத் திருப்பி அந்தச் சின்னக் கட்டத்தைப் படித்தேன்: 12 வோல்ட், 36 ஆம்பியர். 432 வாட், இதுதான் யோக்கியமான லேபிள். பிரான்ஸ் என்ற முத்திரை மின் சிக்கனத்துக்கு மட்டும்தான், பாதிச் சுமையில் 85 சதவீதம். பாதுகாப்புக்கு அது சான்று இல்லை என்பதால் ஷார்ட் சர்க்யூட், ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பு எழுதியிருக்கிறதா என்று தனியே பார்த்தேன். அண்ணாச்சியின் கணினி நூறு வாட்டைத் தொட்டாலே அதிகம். அப்படியிருக்க 450 எதற்கு என்றால், நல்ல கம்பெனிகள் அதற்குக் கீழே அதிகம் செய்வதில்லை.

விலை பேசும்போது "கச்சா பில்லா, பக்கா பில்லா?" என்று கேட்பார்கள். கச்சா என்றால் துண்டுச் சீட்டு, 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று ஆசை காட்டுவார்கள். போர்டுக்கும் எஸ்எஸ்டிக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் பக்கா பில்லே வாங்கினேன், சீரியல் நம்பரோடு, அண்ணாச்சியின் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு. வாரன்டிக்குப் போனால் இந்தப் பில்தான் பேசும். கூடவே, வழக்கமான ஜிஎஸ்டி பதிவு உள்ள வியாபாரி என்பதால் கட்டிய வரியில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளவும் வழி உண்டு. எவ்வளவு என்பது ஆடிட்டர் பாடு. மொத்தச் செலவு, பிராசசருக்குத் தடவும் பேஸ்ட், கூலரின் புஷ் பின், போர்டில் போடும் சிஆர்2032 செல், பிரின்டர் கேபிள் எல்லாம் சேர்த்து 19,000க்குக் கீழே அடங்கியது.

மாட்டுவதில் பெரிய கதை இல்லை. சாக்கெட்டின் 1,200 முள்ளையும் கடையிலேயே ஃபோன் டார்ச்சில் பார்த்துவிட்டேன். வளைந்த முள்ளை வீட்டுக்கு வந்து கண்டுபிடித்தால் பழி நம் மேல்தான். சாக்கெட்டின் கறுப்பு மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வாரன்டிக்குப் போர்டை அனுப்பும்போது கேட்பார்கள். கேபினட்டில் பழைய போர்டுக்குப் போட்டிருந்த பித்தளைக் கால்களில் ஒன்று புதுப் போர்டில் துளையே இல்லாத இடத்துக்கு நேராக வந்தது. அதைக் கழற்றாமல் உட்கார வைத்தால் பின்புறத் தடத்தில் உரசி ஷார்ட் ஆகும். பழைய கூலரின் வெள்ளை புஷ் பின்கள் வயதாகி மொறுமொறுப்பாக இருந்ததால் புதுப் பின் செட் போட்டேன். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைலில் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு.

ராமை இரவு முழுக்க மெம்டெஸ்ட்டில் ஓடவிட்டேன், ஒரு பிழையும் இல்லை. பயாஸில் பிடிடியை ஆன் செய்தால் இன்டெலின் டிபிஎம் வேலை செய்யத் தொடங்கும். பழைய முறையில் பூட் செய்யும் சிஎஸ்எம்மை அணைத்து, செக்யூர் பூட்டைப் போட்டு, விண்டோஸ் 11ஐப் புதிதாகவே ஏற்றினேன். பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்திருந்தால் பத்து வருடக் குப்பையும் சேர்ந்து வந்திருக்கும்.

பிரின்டர்தான் கொஞ்சம் மக்கர் செய்தது. யூஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிளைச் செருகியதும் விண்டோஸ் அதை யூஎஸ்பி001 என்ற போர்ட்டாகக் காட்டியது. பிரின்டர் செட்டிங்கில் எல்பிடி1 என்று இருந்ததை அதற்கு மாற்றியதும் கரகரவென்று அடிக்கத் தொடங்கியது. பழைய டாஸ் மென்பொருளாக இருந்தால் இவ்வளவு எளிதாக முடியாது. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல் ஓடவே ஓடாது.

கடையில் கொண்டுவந்து வைத்து, பின்பக்கம் வயர் செருகும்போது கேபினட் ஸ்க்ரூவில் கை பட்டது. சுருக்கென்றது. பழைய பெட்டியும் இப்படித்தானாம். "அது எப்பவும் லேசா புடிக்கும் தம்பி, செருப்புப் போட்டுக்கிட்டாச் சரியாப்போவும்" என்றார் அண்ணாச்சி. டெஸ்டரை வைத்தால் மினுக்கென்று எரிந்தது. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட்டுக்கு ஒவ்வொரு சின்னக் கெபாசிட்டர் இருக்கும். எர்த் சரியாக இருந்தால் கசிகிற துளி மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினட் முழுவதும் லைனில் பாதி, நூறு வோல்ட்டுக்கு மேலேயே, மிதந்துகொண்டிருக்கும். ஆளைக் கொல்லும் அளவு மின்னோட்டம் அதில் இல்லை. ஆனால் வேறு ஏதாவது பழுதாகும்போது காப்பாற்ற எர்த் இல்லை என்பதற்கு அதுவே அறிவிப்பு. சுவர் சாக்கெட்டைத் திறந்தால் பெரிய துளைக்குப் பின்னால் வயரே இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டர் போர்டிலிருந்து பச்சை வயர் இழுத்து, ஃப்ரீசருக்கும் தனி லைன் போடச் சொன்னேன். யூபிஎஸ்ஸுக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்றும் மாற்றினோம். இந்தச் செலவு இருபதாயிரத்துக்கு வெளியே. அண்ணாச்சி முனகினாலும் கொடுத்துவிட்டார்.

பட்டனை அழுத்தினால் இருபது வினாடிக்குள் பில் திரை வந்துவிடுகிறது.

பழைய ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் கணக்கைப் பார்த்தேன். மாற்றி ஒதுக்கிய செக்டர் பூஜ்யம், காத்திருக்கும் செக்டரும் பூஜ்யம். ஆனாலும் வயதான டிஸ்க், அதை மட்டும் நம்பிப் பொறுப்புக் கொடுக்க முடியாது. தினமும் கடை மூடும்போது கணக்குக் கோப்புறையின் ஒரு நகல் அதில் விழும்படி வைத்திருக்கிறேன், வாரம் ஒருமுறை பென் டிரைவில் இன்னொரு நகல் அண்ணாச்சி வீட்டுக்குப் போகிறது. பழைய பிராசசரையும் டிடிஆர்3 ராமையும் லாமிங்டன் ரோடு கடைக்காரரே சில நூறு ரூபாய் கொடுத்து எடுத்துக்கொண்டார். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் கடைப் பையன் வீட்டுக்குக் கேட்டான். அதன் கனெக்டர்களை எல்லாம் கட்டிங் பிளேயரால் வெட்டியெடுத்துவிட்டு, மின்கழிவு வாங்குகிறவரிடம் போடச் சொல்லிக் கொடுத்தேன்.